வலி தெரியாத கைக்கு ஒரு உறை

எங்க பக்கம் முள் குத்துறதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. நரிக்குடியிலிருந்து திருச்சுழி போற வழியில ரெண்டு பக்கமும் சீமைக்கருவைதான். அதை வெட்டிக் கரிமூட்டம் போடுறவங்க கையையும் காலையும் பார்த்தா, எத்தனை முள்ளுக்கு வழிவிட்ட தோல்னு எண்ண முடியாது. முள் ஏறினா ஒரு 'ஸ்ஸ்', உட்கார்ந்து தாலிக்கயித்து ஊக்கை எடுத்து ரெண்டு கிண்டு, அவ்வளவுதான்.

ஆனா பெரியப்பாவுக்குப் போன வருஷம் முள் ஏறினப்போ அந்த 'ஸ்ஸ்' வரலை. சர்க்கரை வந்து பதினாறு வருஷம் ஆச்சு. ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு உள்ளங்காலுக்குள்ள போய் ஒடிஞ்ச முள்ளோட நாலு நாள் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கார். நாலாம் நாள் சிமெண்ட் தரையில ஈரமா ஒரு தடம் இருந்ததைப் பார்த்துதான் பெரியம்மா காலை இழுத்து மடியில வச்சாங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. ஆள்காட்டி விரலை மெதுவா ஓட்டினாங்க. ஒரு இடத்துல நிறுத்தி, "இந்தா இருக்கு" என்றாங்க.

ஒரு விரலுக்கு மயிரிழை அளவு முள்முனை தெரிகிறது. இன்னொருவர் காலுக்கு நாலு நாளாகத் தெரியவில்லை. ரோபோ கைகளுக்குத் தொடு உணர்வு கொடுக்கும் முயற்சிகளின் வரலாற்றைக் கொஞ்ச காலமாகக் குறிப்பெடுத்து வருகிறேன். அந்தக் குறிப்புகளை எங்கிருந்து தொடங்குவது என்ற குழப்பம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.

வழக்கமாக இந்த வரலாறு 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கும். ஹைன்ரிக் எர்ன்ஸ்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் எம்.எச்.-1 என்று ஒரு இயந்திரக் கையைச் செய்து, டி.எக்ஸ்.-0 கணினியோடு இணைத்தார். அதற்குக் கண் கிடையாது. மேசையைத் தடவித் தடவிக் கட்டைகளைக் கண்டுபிடித்து, எடுத்துப் பெட்டியில் போட்டது. அங்கிருந்து நேராக 1980களுக்குத் தாவி, டானியல் ஹில்லிஸ் விரல் நுனி அளவு ரப்பர்ப் பரப்பில் 256 சென்சார்களை வைத்ததையும், அது திருகாணி, நட்டு, வாஷர் எல்லாவற்றையும் தொட்டே அடையாளம் சொன்னதையும் பேசுவார்கள். பிழை இல்லை. ஆனால் இந்தக் கதையில் கை என்றால் பொருளை 'அறிவது' மட்டும்தான். கை தன்னைக் காப்பாற்றிக்கொள்வது என்ற பேச்சே வராது. அந்தப் பாதியை எழுத வேண்டுமானால் வேலூரில் தொடங்க வேண்டும்.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் மிஷனரி. ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். அப்பா 1929-இல் மலையிலேயே மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் மருத்துவம் படிப்பதற்கு முன்பு சில வருஷம் கட்டட வேலை கற்றார்: தச்சு, கொத்து வேலை எல்லாம். பின்னால் அவர் செய்த எல்லாவற்றிலும் உளி பிடித்த கையின் புத்தி இருக்கிறது என்பது என் எண்ணம். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவராக வந்தார்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தோல் நிபுணர் ராபர்ட் காக்ரேன் சுற்றிக் காட்டினார். விரல்கள் கொக்கி போல மடங்கிப்போன ஒருவரிடம், "என் கையை அழுத்து" என்றார் பிராண்ட். அந்த ஆள் அழுத்தினதில் இவருக்கு வலி தாங்கவில்லை. செத்துப்போனதாக நினைத்த கையில் இத்தனை பலமா! சில தசைகள்தான் படுத்திருக்கின்றன, மற்றவை நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசையின் நாணை எடுத்துப் படுத்த விரலுக்குக் கட்டலாமே. போலியோவுக்குச் செய்கிற சிகிச்சையைத் தொழுநோய்க் கைக்குக் கொண்டுவந்தது இப்படித்தான். 1948 முதல் வேலூரில் மடங்கின விரல்கள் நிமிர்ந்தன. 1960-இல் லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்ததும் இந்த மறுவாழ்வுப் பணிக்காகத்தான்.

நான் நிற்கிற இடம் அந்தக் கைகுலுக்கலின் மறுபக்கம். அந்த ஆளுக்குத் தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. அதுதான் பிராண்டை அடுத்த இருபது, முப்பது வருஷம் விடாமல் துரத்தியது.

அன்றைக்குப் 'பெருவியாதி' வந்தால் விரல் அழுகி விழும் என்றுதான் ஊர் நம்பியது, மருத்துவர்களும் நம்பினார்கள். வேலூரில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் இளைஞர்கள் தச்சு கற்றார்கள், பொம்மை செய்தார்கள். நிமிர்த்திவிட்ட விரல்களில் புதுசு புதுசாகப் புண். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேட ஆரம்பித்தார். துப்பறியும் வேலை மாதிரி. ரம்பப் பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கியதால் ஒன்று, சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கியதால் ஒன்று. துருப்பிடித்த பூட்டு ஒன்றை இவரால் திறக்க முடியாமல் போக, பக்கத்திலிருந்த சின்னப் பையன் "நான் திறக்கிறேன்"னு வாங்கிச் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தத் துளி. பையனின் விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்குத் தெரியாது. வேறொரு சமயம், அடுப்புத் தணலுக்குள் விழுந்த கிழங்கை ஒரு வயசாளி வெறுங்கையால் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தார். கரிமூட்டம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காட்சியைப் படித்தபோது கை தானாகப் பின்னால் போனது.

சிலருக்கு ராத்திரியில் விரல் துணுக்குகள் காணாமல் போயின. முழித்திருந்து காவல் காத்தார்கள். எலி. தூங்குகிற ஆளின் விரலை எலி கடித்தால் நமக்கெல்லாம் கை உதறும்; இவர்களுக்கு உதறவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்! தொழுநோய் மருத்துவத்தில் பூனை ஒரு கருவியாகச் சேர்ந்த கதை இதுதான்.

முடிவு எளிமையானது, ஆனால் பழைய நம்பிக்கையைத் தலைகீழாக்கியது: கிருமி விரலைத் தின்பதில்லை. கிருமி நரம்பைக் கெடுக்கிறது. வலி போன பிறகு விரலைத் தின்பது அன்றாட வாழ்க்கை. நோய் பரவும் வழியையும் பிராண்ட் குழு பார்த்தது. முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று தோலுக்கு அருகே, உடம்பின் குளிர்ந்த இடங்களில் ஓடும் நரம்புகள்தான் முதலில் கெடுகின்றன. அதனால்தான் கையும் காலும்.

(நடுவில் ஒரு சேதி. இங்கிலாந்து போன ஒரு பயணத்தில், ராத்திரி தங்குமிடத்தில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார், சுரீரென்று வலித்தது. ரயிலில் கால் மடக்கி உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலிக்காக ஒரு மனிதன் சந்தோஷப்பட்ட ராத்திரி விடிந்த கதை அது.)

1966-இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலம் கார்வில் என்ற ஊரில் இருந்த தேசியத் தொழுநோய் மருத்துவமனைக்கு மாறினார். பணம், பொறியாளர்கள், ஆய்வுக்கூடம் எல்லாம் அங்கே கிடைத்தன. அப்போதுதான் அந்தப் பெரிய எண்ணம்: போன வலியைத் திருப்பித் தர முடியாது, செயற்கையாக ஒன்று செய்து போட்டால் என்ன? விரல் நுனிகளில் அழுத்தம் அளக்கும் சென்சார்கள் வைத்த கையுறை. அழுத்தம் ஆபத்தான அளவைத் தாண்டினால் எச்சரிக்கை.

ரோபோ கை செய்கிறவர்கள் இன்றைக்கும் முட்டிக்கொள்கிற எல்லாச் சுவரிலும் அவர்கள் முதலில் முட்டினார்கள். சென்சார்கள் வளைந்து வளைந்து தேய்ந்தன, வியர்வை உப்பில் கெட்டன. ஒவ்வொன்றின் விலையும் நூற்றுக்கணக்கான டாலர். ஒரு கைக்கு எத்தனை வேண்டும் என்று பாருங்கள். இதைவிடப் பெரிய சிக்கல், 'ஆபத்தான அளவு' என்றால் எவ்வளவு? சுத்தியலைப் பிடிக்கும் இறுக்கம் ஒருமுறைக்கு ஒன்றும் செய்யாது. அதே இறுக்கம் ஆயிரம் தடவை ஒரே இடத்தில் விழுந்தால் சதை வீங்கிப் புண்ணாகும். எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை கொடுத்துப் பார்த்து இதைக் கார்வில் குழு உறுதி செய்தது. நம் தோல் இந்தக் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. காலையில் சும்மா இருந்த மண்வெட்டிப் பிடி மத்தியானம் உறுத்துகிறது, நாமும் யோசிக்காமல் பிடியை மாற்றுகிறோம். பிடி மாறவில்லை, தோலின் அளவுகோல் மாறிவிட்டது. எந்தச் சென்சாருக்கும் இது தெரியாது. காலுக்கு ஒரு மாற்று வழி பார்த்தார்கள்: சாயம் அடைத்த நுண் குமிழிகள் கொண்ட காலுறை. போட்டு நடந்தால், அழுத்தம் அதிகமான இடத்தில் குமிழி உடைந்து நீலக் கறை தெரியும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. மின்சாரமே கிடையாது.

கையுறை ஓரளவு வேலை செய்யத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் வந்தது. அது பொறியாளர்கள் எதிர்பார்த்ததல்ல. எச்சரிக்கையைக் காதில் ஒலியாகக் கொடுத்தார்கள். நோயாளி திருப்புளியை இறுக்குகிறார், காதில் சத்தம் கூடுகிறது, அவர் இறுக்கிக்கொண்டே இருக்கிறார். வேலை முடியணுமே! விளக்கு எரிய வைத்தார்கள். அதுவும் அதே கதை. பிறகு உணர்ச்சி மிச்சமிருக்கும் அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வலித்தது. நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடினமான வேலை வரும்போது மின்சுற்றை அணைத்தார்கள், வேலையை முடித்தார்கள், மறுபடி போட்டார்கள். இவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் இல்லை. கையுறை எதற்கென்று நன்றாகத் தெரிந்து, தாமே முன்வந்து சோதனைக்கு வந்தவர்கள்.

பிராண்ட் திட்டத்தைக் கைவிட்டார். 1993-இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய நூலில் அந்தத் தோல்வியை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் கண்டது இது: வலி என்பது ஒரு தகவல் இல்லை. தகவலை மனிதன் எடைபோடுவான், "அப்புறம் பார்க்கலாம்"பான். வலி எடைபோட விடாது. அணைக்க முடியாத இடத்தில் இருப்பதால்தான் அது வேலை செய்கிறது.

ரோபோ நூல்களில் பிராண்ட் பெயரை நான் பார்த்தது மிகக் குறைவு. மருத்துவ வரலாறு அவரைப் புனிதராக்கி ஒரு மாடத்தில் வைத்துவிட்டது. பொறியியல் வரலாறு அந்தப் பக்கம் திரும்பவில்லை. இது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. உணர்வில்லாத கை ஒன்று உலகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று அத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த வேறொரு ஆள் இருந்திருக்க முடியாது. அந்தக் கைகுலுக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனின் உமியோ நகரில் ரோலண்ட் யோஹான்ஸனும் வெஸ்ட்லிங்கும் 1984-இல் அளந்து சொன்னது அதைத்தான்: நாம் ஒரு பொருளைத் தூக்கும்போது, நழுவாமல் இருக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகப் பிடிக்கிறோம். விரலை மரக்கச் செய்தால் அந்தக் 'கொஞ்சம்' பல மடங்காகிறது. ஒரு உள்ளங்கையில், விரல்களோடு சேர்த்து, ஏறக்குறைய 17,000 தொடு நரம்பிழைகள் இருக்கின்றன என்ற கணக்கும் யோஹான்ஸன், வால்போ இருவரும் சொன்னதுதான்.

தோல் ஏன் இவ்வளவு கெட்டி என்று இயந்திரவியல் கண்ணால் பார்த்தவர் மண்டயம் ஸ்ரீனிவாசன். (மண்டயம் என்றதும் பாரதியின் 'இந்தியா' பத்திரிகை நினைவுக்கு வருகிறவர்களுக்கு: அவர் வேறு, இவர் வேறு.) பெங்களூரில் சிவில் பொறியியல், இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல், பிறகு யேல் பல்கலைக்கழகம். விமான இறக்கை வளைவதைக் கணக்குப் போடப் படித்தவர் விரல் நுனி வளைவதைக் கணக்குப் போட்டார். குரங்கு விரலிலும் மனித விரலிலும் மெல்லிய விளிம்பை அழுத்திப் படமெடுத்து, 1989-இல் அவர் சொன்ன மாதிரி சுவாரசியமானது: விரல் நுனி கெட்டி ரப்பர் இல்லை, தண்ணீர் நிரப்பிய மெத்தை போல. மேலே ஒரு சவ்வு, உள்ளே சுருங்காத திரவம். அதனால்தான் ஓரிடத்தில் அழுத்தினால் பக்கமெல்லாம் வடிவம் மாறுகிறது.

யேலில் ராபர்ட் லாமோட்டோடு சேர்ந்து அவர் கண்ட ஓர் எண்ணை எழுதாமல் இருக்க முடியாது. வழுவழுப்பான கண்ணாடியில் 2 மைக்ரான் உயரமுள்ள ஒற்றைப் புள்ளி இருந்தால், தடவுகிற விரலுக்குத் தெரிந்துவிடும். தலைமயிரின் தடிமனில் அது முப்பதில் ஒரு பங்குகூட வராது. வரிவரியான சொரசொரப்பு என்றால் 0.06 மைக்ரான் போதும். ஆனால் 'தடவுகிற' என்பது முக்கியம். விரலைச் சும்மா வைத்தால் தெரியாது. பெரியம்மா விரலை ஓட்டினது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. 1990-இல் ஸ்ரீனிவாசன் எம்.ஐ.டி.யில் தொடுஉணர்வுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யின் தொடுஉணர்வு ஆய்வோடும் சேர்ந்தார்.

பிராண்ட் விட்ட இடத்துக்கு ரோபோக்காரர்கள் வந்து சேர்ந்தது அண்மையில்தான். குருக்ஷேத்திரத்திலும் தில்லி ஐ.ஐ.டி.யிலும் படித்த ரவீந்தர் தஹியாவின் குழு, அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 2022-இல் ஒரு மின்தோலை வெளியிட்டது. வளையும் பிளாஸ்டிக்கில் துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகளால் அச்சிட்ட 168 டிரான்சிஸ்டர்கள். அதை ஒரு ரோபோ கையில் ஒட்டி, உள்ளங்கையில் குத்தினால் கை பின்வாங்கக் கற்றுக்கொள்கிறது. அந்த முடிவு எங்கோ இருக்கிற கணினிக்குப் போய்த் திரும்பி வருவதில்லை, தோலிலேயே எடுக்கப்படுகிறது. தணலைத் தொட்ட கை, மூளைக்குச் செய்தி போய்ச் சேருமுன் தண்டுவடத்தின் உத்தரவிலேயே பின்வாங்குகிறதே, அது மாதிரி. அணைக்க ஆள் இல்லாத வலி. ரோபோவுக்கு இது சாத்தியமாகிறது, ஏனென்றால் வேலை முடியணுமே என்ற அவசரம் அதற்கு இல்லை. நம் ஆட்களுக்குக் கூலி, நாள் கணக்கில்லை, மூட்டைக் கணக்கு. உள்ளங்கை உறுத்துகிறது என்று கோடாரியை இறக்கி வைக்க முடிகிற கரிமூட்டத் தொழிலாளியை நான் பார்த்ததில்லை. நரம்பு நன்றாக இருக்கிறவனையே வலியை அணைத்து வைக்கச் சொல்கிற வாழ்க்கை இது. கார்வில் நோயாளிகளின் பிடிவாதத்தைப் படிக்கும்போது எனக்கு அவர்கள் மேல் கோபம் வராததற்கு இதுதான் காரணம்.

பிராண்ட் 2003-இல் காலமானார். மின் கையுறை எங்கும் இல்லை. எஞ்சி நின்றவை மலிவானவை. ஒன்று, கார்வில்லில் அளவு நிர்ணயித்த நைலான் இழைச் சோதனை: 10 கிராம் விசையில் வளையும் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்துவார்கள், தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளுக்கு அதே சோதனைதான். இன்னொன்று, நுண் காற்றறைகள் கொண்ட ரப்பர்ச் செருப்பு. வேலூரில் தொழுநோயாளிகளுக்காக அவர் காலத்திலேயே பழக்கத்துக்கு வந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்றால் தெரியும். கறுப்பா, அழகில்லாம, ஒரு மாதிரி இருக்கும்.

பெரியப்பாவுக்கு இப்போது அதுதான். முதல் மாசம் "பெருவியாதிக்காரன் செருப்பு"ன்னு போட மாட்டேன்னார். 2005-லேயே அந்த நோய் நாட்டளவில் கட்டுக்குள் வந்ததாக அறிவித்தாயிற்று, ஆனா செருப்பின் பேர் போகலை பாருங்க. பெரியம்மா சண்டை போட்டுப் போட வைத்தாங்க. சாயங்காலம் அவர் தோட்டத்திலிருந்து வந்ததும் முதல் வேலை, செருப்பை வாங்கி உள்பக்கம் விரலை ஓட்டுறது. அப்புறம் ரெண்டு காலையும் மடியில் வச்சு, குதியிலிருந்து பெருவிரல் வரை ஒரு தடவு. அவர் டிவி பார்த்துக்கிட்டே இருப்பார். "என்னடி தெரியுது?"ன்னு கேட்பார். "செத்த சும்மா இருங்க"ன்னுட்டு இன்னொரு தடவை ஓட்டுவாங்க.